மரக்கட்டையா, எஃகுத் தகடா? விக்டோரியா கால ஷேக்ஸ்பியர் பதிப்புகள் இரண்டு

முதலாவது, லண்டன் ரௌட்லெட்ஜ் 1858 முதல் 1860 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகள். பதிப்பாசிரியர் ஹோவர்ட் ஸ்டான்டன் (சதுரங்கக் காய்களுக்குத் தன் பெயரைத் தந்த அதே ஆள்தான்), படங்கள் ஜான் கில்பர்ட். இரண்டாவது, 1870களில் வர்ச்சூ நிறுவனம் கொண்டுவந்த சார்ல்ஸ் நைட்டின் ‘இம்பீரியல்’ பதிப்பு. இரண்டே தொகுதிதான், ஆனால் மடியில் வைத்துப் படிக்க முடியாத அளவு.

புரட்டிய உடனே மனதைப் பறிப்பது இம்பீரியல். மக்லீஸ், லெஸ்லி போன்றவர்களின் ஓவியங்களை எஃகுத் தகட்டில் செதுக்கியிருக்கிறார்கள். பட்டுத் துணியின் மினுக்கம்கூடத் தெரிகிறது. சிக்கல் அச்சு முறையில். எஃகுத் தகட்டில் மை பள்ளங்களுக்குள் நிற்கும். ஈரத்தாளை அழுத்தித்தான் அதை எடுக்க வேண்டும். எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க வழியில்லை, எனவே படம் தனித்தாளாக வந்து நடுவில் செருகப்படும். நாடகம் ஒரு பக்கம் ஓட, படம் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். பழைய தாளில் வரும் பழுப்புப் புள்ளிகளும் பெரும்பாலும் அந்தத் தாள்களைத்தான் முதலில் பிடிக்கின்றன.

ஸ்டான்டன் பதிப்பில் கில்பர்ட் பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரக்கட்டையின் மேலேயே வரைவார். கோடுகளை விட்டுவிட்டு மற்றதைத் தோண்டி எடுப்பது டால்ஸியல் சகோதரர்கள் பட்டறையின் வேலை. கட்டையும் ஈய எழுத்தும் ஒரே உயரம் என்பதால் இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அச்சடித்துவிடலாம். 800க்கும் மேற்பட்ட படங்கள் இப்படி வசனத்துக்கு நடுவிலேயே நுழைகின்றன. லென்ஸ் வைத்து நிழல் பகுதியைப் பாருங்கள்: குறுக்கும் நெடுக்குமான கோடுகளுக்கு இடையில் இருக்கும் ஒவ்வொரு வெள்ளைப் பொட்டும் தனித்தனியாகத் தோண்டியது. ஓவியர் ஒரு நொடியில் போட்ட கிறுக்கலுக்குச் செதுக்குபவர் பட்ட பாடு அது. புத்தகம் என்ற முறையில் என் ஓட்டு இதற்கே.

அட்டை விஷயம் வேறு. ஸ்டான்டன் பதிப்பு மாதப் பகுதிகளாகவும் வந்ததால், வாங்கியவர் அவரவர் வசதிப்படி பைண்டு செய்துகொண்டார். பதிப்பாளரின் துணி அட்டையில் பித்தளை அச்சைச் சூடாக்கித் தங்கத்தை ஒரே அழுத்தில் பதித்திருப்பார்கள். தோல் அட்டையில் முட்டை வெள்ளைக்கரு தடவி, தங்க ரேக்கை வைத்து, சூட்டுக்கோலால் கையாலேயே ஒவ்வொரு பூவாகப் பதிப்பார்கள். கைத்திறன் தோலில்தான், சந்தேகமில்லை. ஆயுள்? லண்டன் கலைச் சங்கத்தின் குழு 1901இல் தந்த அறிக்கை, கிழக்கிந்தியத் தோல் புத்தகக் கட்டுக்கு மிக மோசம், ஓராண்டுக்குள்ளேயே சிதையத் தொடங்கியதைக் கண்டோம் என்றது. நம் ஊர் ஆவாரம்பட்டையில் பதனிட்டு மதராஸிலிருந்து கப்பலேறிய ஆட்டுத்தோல் அந்த வகைதான். சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்ட தோல் நன்றாகத் தாங்கியது.

ஆகவே தோல் பிரதி கிடைத்தால் முதுகை விரலால் தடவிப் பாருங்கள். செம்பொடி ஒட்டினால் தோல் சிதைகிறது என்று அர்த்தம்; தங்கப்பூ எத்தனை இருந்தாலும் துணி அட்டைப் பிரதியையே எடுங்கள்.