தம்புள்ளை குகைக் கோயிலுக்குப் போகிறீர்களா? டிக்கெட்டை நீங்களே கவுண்டரில் வாங்குங்கள்

இலங்கைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், அதிலும் வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தம்புள்ளை மலையடிவாரத்தில், பெரிய தங்கநிறப் புத்தர் சிலை இருக்கிற பக்கம், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நல்ல தமிழில் பேசி நெருங்கி வருகிற ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டிக்கெட்டுக்கும் கொடுக்காதீர்கள், பூஜைக்கும் கொடுக்காதீர்கள்.

அங்கே இடம் அமைந்திருக்கிற விதமே ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. மலைக்கு ஏற இரண்டு பக்கம் வழி இருக்கிறது. சாலையில் போகும்போது கண்ணில் படுவது தங்கக் கோயில் என்கிற கீழ்க் கட்டடமும் அதன் மேலே உட்கார்ந்திருக்கிற பெரிய புத்தரும்தான், அதனால் எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள். டிக்கெட் கவுண்டரோ அங்கே இல்லை, கொஞ்சம் தள்ளி இன்னொரு வழி தொடங்குகிற பக்கம் இருக்கிறது. மேலே குகை வாசலில் டிக்கெட்டைப் பார்ப்பார்கள், விற்க மாட்டார்கள். இது தெரியாமல் தங்கக் கோயில் பக்கம் படியேறினால் உச்சி வரை போய்விட்டுத் திரும்ப அடிவாரத்துக்கு இறங்கி வர வேண்டியதுதான்.

எங்கள் வேன் டிரைவர் எங்களை அங்கேதான் இறக்கிவிட்டார். இறங்கிய உடனே ஒருவர் வந்தார், முப்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் ஓர் அட்டை. "டிக்கெட் எல்லாம் மேலதான் அம்மா, நான் எடுத்துத் தாறேன், நீங்க வரிசையில நிக்கத் தேவையில்ல" என்று நேராக என் அம்மாவிடம் பேச ஆரம்பித்தார். ஆளுக்கு 5000 இலங்கை ரூபாய், டிக்கெட், வழிகாட்டி, செருப்பு பார்த்துக்கொள்வது எல்லாம் சேர்த்து என்றார். டிரைவரும் "இவர் நல்ல மனுசன், பயப்பட வேணாம்" என்றார். நாட்கணக்கில் எங்களோடு சாப்பிட்டுப் பழகிய டிரைவர் சொல்லும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? மாமா பணத்தை எண்ணிக் கொடுத்தார். நாங்கள் போன சமயத்தில் வெளிநாட்டவருக்கு அசல் கட்டணம் 2000 ரூபாய்தான். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நின்று நின்று, குரங்குகளுக்கு ஒதுங்கி, ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்தால் வாசலில் இருந்தவர் மரியாதையாக டிக்கெட் கேட்டார். நம்ம ஆள் அவரிடம் சிங்களத்தில் ஏதோ பேசினார், அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். பிறகு எங்களிடம் வந்து, "டிக்கெட் கீழ மாத்திட்டாங்க, ஒருத்தர் என்கூட வாங்க" என்றார். மாமா அவரோடு மறுபடியும் இறங்கினார். கீழே இறங்கிக் கவுண்டருக்குப் போக ஆட்டோவுக்கு 1500 ரூபாய். சரி, போகட்டும். கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு அந்த ஆள் சொன்ன வார்த்தைதான் பொறுக்க முடியாதது: முதலில் வாங்கிய பணம் முழுக்க வழிகாட்டிக் கூலியாம், டிக்கெட்டுக்குத் தனியாகத் தர வேண்டுமாம். மேலே நாங்கள் நிற்கிறோம், அம்மா வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், மாமாவால் அங்கே நின்று சண்டை போட முடியுமா? மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் அத்தனை படியும் ஏறி வந்தார். வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்.

பணம் போனது ஒரு பக்கம். எனக்கு அதைவிட ஆத்திரம் உள்ளே நடந்ததில்தான்.

அந்தக் குகைகள் சாதாரண இடம் இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய முதல் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் தென்னிந்தியப் படையெடுப்பில் தலைநகரான அநுராதபுரத்தை இழந்து ஒளிந்திருந்தது இங்கேதான் என்பது மரபு. ஆட்சியைத் திரும்பப் பிடித்ததும் நன்றிக்கடனாக அந்தக் குகைகளைக் கோயிலாக்கினான் என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் நிசங்கமல்லன் என்கிற அரசன் சிலைகளுக்குப் பொன் பூசினான். ஐந்து குகை, 150க்கு மேல் புத்தர் சிலைகள், பாறைக் கூரையின் மேடுபள்ளம் முழுக்க ஓவியம். 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். இதில் ஒரு வார்த்தை கூட அந்த ஆள் வாயிலிருந்து வரவில்லை. நாங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும், "இதெல்லாம் ராவணன் தவம் செய்த குகை அம்மா" என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா நம்பிக் கைகூப்பினார்.

முதல் குகையில் பாறையிலேயே செதுக்கிய படுத்த நிலைப் புத்தர், 14 மீட்டர் நீளம், முன்னால் நிற்க இடமே குறுகல்தான், தலையிலிருந்து பாதம் வரை மெல்ல நடந்து பார்க்க வேண்டிய சிலை. ஒரு நிமிடம்கூட நிற்கவிடவில்லை. இரண்டாவது குகையில் விஷ்ணு சிலை முன்னால் எங்களை நிறுத்தி, "நம்ம பெருமாள்தான், குடும்பத்துக்கு ஸ்பெஷல் பூஜை செய்யலாம், பேர் நட்சத்திரம் சொல்லுங்க, நான் பூசாரிட்ட குடுக்கிறேன்" என்று அம்மாவிடம் 4000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு துண்டுத்தாளில் எல்லோர் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதினார். எந்தப் பூசாரியும் வரவில்லை, ரசீதும் இல்லை. "சாயங்காலப் பூஜையில சேர்த்துருவாங்க" என்றார். அப்புறம் மூன்றாவது குகையை வாசலிலிருந்தே கைகாட்டிவிட்டு, மிச்சம் இரண்டும் பூட்டியிருக்கிறது என்று சொல்லிக் கிளப்பப் பார்த்தார்.

பூட்டியிருக்கவில்லை. வெள்ளை நிற வளைவு மண்டபத்தின் கடைசியில் வேறு குடும்பங்கள் உள்ளே போய் வந்துகொண்டிருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். நேராகக் கேட்டதும் அந்த ஆளுக்குப் போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே படியிறங்கிப் போனவர் திரும்பி வரவே இல்லை. வாசலில் டிக்கெட் பார்த்தவரிடம் போய்ப் பூஜை விஷயத்தைக் கேட்டோம். அப்படி யாரும் பணம் வாங்க முடியாது, அந்த ஆள் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை என்று பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். கோயில்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்களே முதலிலிருந்து மறுபடி சுற்றினோம். எல்லாவற்றிலும் பெரியதான இரண்டாவது குகையில் அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனும் சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் போரிடுகிற காட்சி ஓவியமாக இருக்கிறது. எல்லாளன் கதையைச் சின்ன வயதில் கேட்ட எவருக்கும் அங்கே கால் நகராது. அதே குகையில் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பாத்திரம் வைத்துப் பிடிக்கிறார்கள். மூன்றாவது குகை, அதாவது அந்த ஆள் கைகாட்டிவிட்டுத் தாண்டிய குகை, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் கோயிலானது. 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட நாயக்க வம்சத்து அரசன், மதுரைப் பக்கத்து வழிவந்தவன். அவனுடைய சிலையே உள்ளே நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் காட்ட இதைவிட வேறு என்ன வேண்டும்? தமிழ் பேசுகிற ஒருவர், தமிழர்களிடமே காசு வாங்கிக்கொண்டு, இதை மறைத்து ராவணன் கதை சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கீழே வந்ததும் டிரைவரிடம் கேட்டோம். தனக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது என்றார், காலையில் நல்ல மனுசன் என்று சொன்ன அதே வாயால். அடுத்து எங்கே வண்டியை நிறுத்தினார் தெரியுமா, இரத்தினக்கல் கடை. நாங்கள் இறங்கவில்லை. கண்டி போகும் வழியில் மாத்தளைப் பக்கம் மசாலாத் தோட்டம் என்று இன்னொரு நிறுத்தம் சொன்னார், அதையும் வேண்டாம் என்றோம். அதன் பிறகு கண்டி வரை வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

போகிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான். வண்டியில் ஏறும்போதே டிரைவரிடம் "டிக்கெட் கவுண்டரில் இறக்குங்கள்" என்று சொல்லிவிடுங்கள், தங்கப் புத்தர் சிலையைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பணத்துக்கு உங்கள் கையில் அச்சடித்த டிக்கெட் வந்தால்தான் படியில் கால் வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற சிகிரியா மலைக்கோட்டை டிக்கெட்டும் சேர்த்துத் தருகிறேன் என்று எங்களிடமும் அந்த ஆள் சொன்னார், அது வேறு நிர்வாகம், அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். சிகிரியாவில் இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டினால் சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கான சலுகையும் கிடைக்கும், அதனால் கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வழிகாட்டி வேண்டும் என்றால் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொடுத்த உரிமம் இருக்கிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள். கூலி எவ்வளவு, எந்தெந்தக் குகை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது, அதை அங்கே அவமதிப்பாகப் பார்க்கிறார்கள். செருப்பைக் கழற்றிய பிறகு பாறை நன்றாகச் சுடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள், வயதானவர்களுக்குக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாராவது இப்படி மடக்கினால் அங்கேயே நின்று 1912க்கு அழையுங்கள், அது அதிகார சபையின் சுற்றுலாப் பயணிகளுக்கான எண். வண்டி எண்ணையும், முடிந்தால் அந்த அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் கையில் வேன் எண் மட்டும்தான் இருக்கிறது, அதை வைத்துப் புகார் எழுதி அனுப்பியிருக்கிறோம். இதே இடத்தில், இதே மாதிரி வெள்ளைச் சட்டை ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் நீங்களும் தேதியோடு புகார் கொடுங்கள்.