அலகு மாற்றம்: படிக்கட்டா, பாட்டிலும் டேப்புமா?

நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு அலகு மாற்றம் நடத்த இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. ஒன்று, கிலோமீட்டர் முதல் மில்லிமீட்டர் வரை ஏழு படிகள் வரைந்து, இறங்கினால் 10ஆல் பெருக்கு, ஏறினால் வகு என்பது. மற்றது, பிள்ளைகளையே அளக்கவிடுவது.

படிக்கட்டு வேகமானது, தேர்வுக்கு முந்தின வாரம் அதற்கு ஈடில்லை. ஆனால் ஏறுவதா இறங்குவதா என்று குழம்பும் பிள்ளை, 500 சென்டிமீட்டரை 50,000 மீட்டர் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அது பஸ் பிடித்துப் போக வேண்டிய 50 கிலோமீட்டர் தூரம் என்று அதற்குத் தோன்றுவதே இல்லை.

அளக்கும் வழியில் அந்தத் தவறு குறையும். 10 மில்லி மருந்து மூடியால் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பச் சொல்லுங்கள். நூறு தடவை ஊற்ற வேண்டும். இருபதாவது மூடியிலேயே சலிப்பு வந்துவிடும். சின்ன அலகு என்றால் எண்ணிக்கை பெரிதாகும் என்பதை அந்தச் சலிப்பே சொல்லிக்கொடுத்துவிடும். தையல்காரர் டேப்பிலும் இதே கதைதான்: ஒரு பக்கம் 12 அங்குலம், மறுபக்கம் 30 சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும்.

தண்ணீர் சிந்தும், வகுப்பு இரையும், பாடவேளை போதாது. கிலோமீட்டரை வகுப்பறையில் அளக்கவும் முடியாது. சரி, முதலில் அளக்கவிட்டு, அப்புறம் படிக்கட்டுக்கு வரலாம் என்பது என் கட்சி. நடுவில் வரும் ஹெக்டோமீட்டர் (100 மீட்டர்), டெக்காமீட்டர் (10 மீட்டர்) படிகளை மேலோட்டமாகத் தொட்டால் போதும்.

நேரக் கணக்கில் மட்டும் படிக்கட்டு வேண்டவே வேண்டாம். 1 மணி 30 நிமிடத்தை 130 நிமிடம் என்று எழுதும் பிள்ளைக்குக் கடிகாரத்தைத்தான் காட்ட வேண்டும்.