கூறைச்சேலையும் கொடக் 2383உம்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கலியாண வீடியோவுக்கு "பிலிம் லுக்" வேணும் என்று கேட்டு வருகிற சோடிகள் மட்டக்களப்பில் கூடிவிட்டார்கள். அவர்கள் கேட்பது ஒன்று, வீட்டுப் பெரியவர்கள் விளங்கிக்கொள்வது இன்னொன்று. பெரியவர்களுக்குப் பழைய படம் என்றால் விஎச்எஸ் கசட்தான்: அடியில் கோடு ஓடும், சிவப்பு வழியும். "என்ன மனே, புதுக் கமராவில எடுத்துப்போட்டு ஏன் பழசாக்குற?" என்று ஒரு மாமி கேட்டார். நியாயமான கேள்வி. நான் தேடுவது கசட்டின் பழுதை அல்ல. 35 மில்லிமீற்றர் நெகட்டிவில் எடுத்து, பிரிண்ட் போட்டு, தியேட்டர் திரையில் பார்த்தபோது இருந்த நிறத்தின் கனத்தையும் வெளிச்சத்தின் இதத்தையும். அதைக் கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கூத்துக் களரியிலும் வருடக்கணக்காகத் தேடிப் பார்த்ததில் எது நின்றது, எது கழிந்தது என்பதே இந்தப் பகிர்வு.

நான் வேலை செய்வது டாவின்சி ரிசொல்வில்: படம் வெட்டவும் நிறம் திருத்தவும் உள்ள மென்பொருள். முதலில் இலவசப் பதிப்பு, பிறகு ஸ்டூடியோ பதிப்பு. கமரா முதலில் 8 பிட், இப்போது 10 பிட். இந்த வித்தியாசம் தாளில் சின்னதாகத் தெரியும். ஒரு நிறத்துக்கு 256 படிகளா 1024 படிகளா என்பதுதான் கணக்கு. லொக்கில் (நிழலும் வெளிச்சமும் கெடாமல் இருக்கப் படத்தை வெளிறலாகப் பதியும் முறை) எடுத்த 8 பிட் காட்சியைப் பிலிமின் தொனி வளைவுக்குள் இழுத்தால், பின்னேர வானம் படிப்படியாக வெட்டுப்படும். வாவிக்கு மேலே மாலை வானம் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு ஜோடிப் படமும் எடுபடாது என்பதால் இது எனக்குப் பெரிய விசயம்.

எல்லாரும் முதலில் கை வைப்பது கொடக் 2383 லட் கோப்பில். லட் என்பது எந்த நிறத்தை எதுவாக மாற்றுவது என்று சொல்லும் அட்டவணை. 2383 என்பது தியேட்டருக்குப் போகும் பிரதியை அடிக்கும் பிரிண்ட் பிலிம். கமராவுக்குள் ஓடுவது அல்ல. அதன் லட் ரிசொல்வுடனேயே வருகிறது, இலவசப் பதிப்பிலும் உண்டு. டி55, டி60, டி65 என்று மூன்று இருக்கும்; டி55 ஆக இளஞ்சூடு, அதாவது மஞ்சள் சாய்வு. ஆனால் அந்த லட் எதிர்பார்ப்பது சினியொன் லொக்கில், அதாவது ஸ்கேன் செய்த நெகட்டிவுக்கான லொக் வடிவில், உள்ள படத்தை. சாதாரண ரெக்709 (டிவிக்கும் மொனிட்டருக்குமான நிறத் தரம்) காட்சிக்கு மேலே நேரே தூக்கிப் போட்டால் நிழல் எல்லாம் கரியாகும். பலர் "இந்த லட் சரியில்லை" என்று சொல்வது இந்த இடத்தில்தான். முன்னால் ஒரு கலர் ஸ்பேஸ் ட்ரான்ஸ்போம் நோட் (நோட் என்பது திருத்தத்தின் ஒரு படி) போட்டு, கமரா லொக்கிலிருந்து சினியொனுக்கு மாற்றிவிட்டுத்தான் லட்டைப் போட வேண்டும்.

ஒழுங்காகப் போட்டாலும் ஒரு பிரச்சினை மிஞ்சும். அந்தப் பிரிண்ட் தோற்றம் வெளிச்சப் பக்கத்தை மஞ்சளுக்கும் நிழற்பக்கத்தை நீலப்பச்சைக்கும் சாய்க்கும். எங்கள் ஆட்களின் கறுத்த, மாநிறத் தோலில், மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில், கன்னத்தின் நிழற்பக்கம் சாம்பல் பூத்ததுபோல் வரும். பொம்பிளையின் தாய்க்கு அது உடனே கண்ணில் படும். ஆகவே லட்டை முழு வலுவில் நான் போடுவதே இல்லை. கீ அவுட்புட்டில் (நோடின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் இடம்) பாதிக்குக் குறைத்து, தோல் நிறத்தைத் தனி நோடில் பிடித்து, நிழலுக்குக் கொஞ்சம் சிவப்பைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

இனி முக்கியமான சங்கதி. பிலிமின் நிறம் சயன், மஜென்டா, மஞ்சள் என்ற மூன்று சாயங்களால் ஆனது. நிறம் கூடக் கூடச் சாயம் கூடும். சாயம் கூடினால் அதற்குள்ளால் வரும் வெளிச்சம் குறையும். அதனால் பிலிமில் கடும் சிவப்பு என்பது இருண்ட சிவப்பு. மொனிட்டரில் சற்றுரேசனை (நிறச் செறிவை) கூட்டினாலோ சிவப்பு எரியத் தொடங்கும். பொம்பிளையின் சிவப்புக் கூறைச்சேலையில் இதை ஒருக்காப் பார்த்தால் போதும்: சிவப்புச் சனல் நிரம்பி, நெசவும் மடிப்பும் மறைந்து, சேலை பிளாஸ்டிக் வாளி மாதிரித் தெரியும். சரிகை மட்டும் மிதக்கும்.

இதற்கு நான் செய்வது சின்ன வேலை. ஒரு நோடின் கலர் ஸ்பேஸை எச்எஸ்வி (நிறம், செறிவு, பிரகாசம் என்று பிரிக்கும் முறை) ஆக்கி, முதலாம், மூன்றாம் சனல்களை அணைத்து, மிஞ்சிய சற்றுரேசன் சனலின் கெயினை மட்டும் கூட்டுகிறேன். அப்போது ஆக உயர்ந்த சனல் நின்ற இடத்திலேயே நிற்கும், மற்ற இரண்டும் கீழே இறங்கும். நிறம் கூடும், ஆனால் கனத்துக்கொண்டு கூடும். கூறைக்கு அதன் எடை திரும்பி வரும். குங்குமமும் செவ்வரத்தம்பூவும் அப்படியே. என் கண்ணுக்கு, பிலிம் தோற்றத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு நோடில் இருக்கிறது. காசும் இல்லை.

மற்றப் பாதி படம் எடுக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடும். நெகட்டிவ் பிலிம் அதிக வெளிச்சத்தை மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். டிஜிட்டல் சென்சர் ஒரு எல்லைவரை பிடித்துவிட்டுச் சட்டென்று வெள்ளையாக வெட்டிவிடும். கல்லடிக் கடற்கரையில் பதினொரு மணி வெயிலில் பட்டுவேட்டியோடு மாப்பிள்ளையை நிற்பாட்டினால் எந்த லட்டாலும் அந்த வேட்டியை மீட்க முடியாது. கணக்கைப் பாருங்கள்: லொக்கில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50. கொதிக்கிற வெயிலில் எப்/4 இல் திறக்க எட்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) அளவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் தேவை. மலிவு வேரியபிள் என்டிகள் அந்த அளவுக்குத் திருகும்போது படத்தின் நடுவில் கறுப்புக் குறுக்குக் கோடு விழுத்தும். நிலையான என்டி ஒன்றையும் வேரியபிள் ஒன்றையும் அடுக்கிப் போடுவது எனக்குச் சரிவருகிறது. நேரத்தையும் தெரிவுசெய்கிறேன்: வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு விடியற்காலை, மேற்கே படுவான்கரை வயலுக்குப் பின்னேரம். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்து மூடிய வானம்தான் என்னைக் கேட்டால் ஆக நல்லது. அந்த வெளிச்சத்தில் பெரும்போக வயல் தானாகவே பிலிம் போல நிற்கும். பச்சையைச் சற்று மஞ்சளுக்குத் திருப்பிவிட்டால் காணும்.

வயலுக்கு மட்டும் பியூஜியின் பிரிண்ட் பிலிமான 3513இன் லட்டைத்தான் எடுக்கிறேன். பியூஜி சினிமாவுக்குப் படம் பிடிக்கும் பிலிம் செய்வதை 2013இல் நிறுத்திவிட்டது. அந்தப் பிலிம்களின் எட்டர்னா என்ற பெயர் இப்போது அதே கொம்பனியின் கமரா மெனுவில் ஒரு வரியாக இருக்கிறது.

ஷட்டர், பிரேம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 25 பிரேம், 1/50, லைட் மினுங்காது. கமராவுக்குள் இருக்கும் ஷார்ப்னஸை ஆகக் குறைவுக்கு இறக்குங்கள். மயிர் மயிராக வெட்டி நிற்கும் விளிம்பு இருக்கும்வரை எதைப் பூசினாலும் வீடியோவாகத்தான் தெரியும். பழைய ஹீலியொஸ் 44-2 போன்ற 58 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று கிடைத்தால் மென்மை காட்டும் பில்டர் வாங்கும் தேவை குறையும், ஆனால் வாவிக் காற்று ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் சிலிக்கா பக்கெட்டோடு மூடி வைக்க வேண்டும்.

ஹலேசன் என்ற சிவப்பு ஒளிவட்டத்தைப் பலர் அளவுக்கு மிஞ்சிப் போடுகிறார்கள். கடும் வெளிச்சம் பிலிமின் படலங்களைத் தாண்டி அடிப்பகுதியில் பட்டுத் திரும்பும்போது, ஆக அடியில் உள்ள சிவப்புப் படலத்தைத்தான் முதலில் தொடும். அதனால் வட்டம் சிவக்கிறது. இதைத் தடுக்கவே சினிமா நெகட்டிவின் முதுகில் கரிப்பூச்சு இருந்தது. இணையத்தில் எல்லாருக்கும் பிடித்த அந்தச் சிவப்பு வட்டம் சினிஸ்டில் 800 பிலிமுடையது: கொடக்கின் 500 டங்ஸ்டன் (மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்கான) நெகட்டிவில் கரிப்பூச்சை எடுத்துவிட்டுப் புகைப்படக்காரருக்கு விற்றது. பகலில் எடுத்த தாலிகட்டில் அந்த வட்டம் இருந்தால் அது பிலிம் அல்ல, ஒப்பனை. இரவுக் கூத்துக் களரி வேறு. வடமோடிக் கூத்து அரசனின் கிரீடத்துக் கண்ணாடித் துண்டில் லைட் பட்டுத் தெறிக்கும்போது மெல்லிய ஹலேசன் அவ்வளவு வடிவு.

கிரெயின் (பிலிமின் மணல் போன்ற புள்ளிகள்) விசயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது: எங்கள் வாடிக்கையாளருக்கு அது பெரும்பாலும் வீண். கிரெயின் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறும். முன் பிரேமைப் பார்த்து அடுத்ததை ஊகித்துச் சுருக்குவதுதான் வீடியோ கொடெக்கின் தொழில். ஊகிக்கவே முடியாத புள்ளிகளை அதற்குக் கொடுத்தால், பிட் எல்லாம் அதிலேயே செலவாகி முகம் கட்டம் கட்டமாகும். யூடியூப் 1080பி வீடியோவை ஏற்றச் சொல்லும் அளவே நொடிக்கு 8 மெகாபிட். வட்ஸ்அப் அதையும் நசித்துவிடும். ஆகவே இரண்டு பிரதி கொடுக்கிறேன்: போனுக்குக் கிரெயின் இல்லாதது, டிவியில் பென்டிரைவ் போட்டுப் பார்க்க 4கேயில் கிரெயின் உள்ளது. அதிலும் நிழலிலும் நடுத்தொனியிலும் மட்டும். வெள்ளை வேட்டியில் புள்ளி துள்ளினால் பொய் உடனே தெரியும்.

செலவு. ரிசொல்வ் 19 (2024) முதல் பிலிம் லுக் கிரியேட்டர் என்று ஒரு கருவி உண்டு. ஹலேசன், புளூம் (வெளிச்சம் கசிந்து பரவுதல்), கிரெயின், பிரேம் ஆட்டம் எல்லாம் ஒரே பெட்டியில். ஸ்டூடியோ பதிப்புக்கு மட்டும். 295 டொலர், ஒருதரம் கட்டினால் போதும். டொலர் விலைக்கு அது சிறுதொகை அல்ல. என்றாலும் வருடா வருடம் கட்டும் ப்ளக்-இன் ஒன்றை விட்டு இதற்கு வந்தது எனக்கு இலாபம். அந்த ப்ளக்-இன் நல்ல நிறம் தந்தது, ஆனால் என் லப்டொப்பில் கலியாணம் முழுக்க ரெண்டர் போட்டால் விடியும்வரை ஓடும், இடையில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து.

புதிதாகத் தொடங்குகிற தம்பி தங்கச்சிமார் ஸ்டூடியோவை வாங்க அவசரப்பட வேண்டாம். இலவசப் பதிப்பு, 2383 பாதி வலுவில், எச்எஸ்வி நோட், கையில் காசிருந்தால் நல்ல என்டி ஒன்று. கிரெயின் வேண்டுமென்றால் ஸ்கேன் செய்த கிரெயின் கிளிப்பை மேலே ஓவர்லேயில் போட்டால் தற்போதைக்குக் காணும். ஸ்டூடியோவை, மூன்று நாலு கலியாணம் கையில் வந்த பிறகு யோசிக்கலாம்.