1897 அசாம் நிலநடுக்கம்: பிளவு எந்தத் திசையில் சாய்ந்திருந்தது?

1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியைக் குலுக்கிய நிலநடுக்கத்தை அருகிலிருந்து பதிவு செய்த கருவி எதுவும் கிடையாது. ஐரோப்பியக் கருவிகள் வரைந்த கோடுகள், அதிர்வலைகளை வகை பிரித்தறிய நிலவியலாளர் ஆர். டி. ஓல்ட்ஹாமுக்கு உதவினவேயன்றி, நிலத்தடியில் எந்தத் தளம் நழுவியது என்பதைச் சொல்லவில்லை. எனவே பிளவு சாய்ந்த திசை பற்றிய வழக்கு முழுவதும் நில அளவையாளர்களின் கோணக் குறிப்பேடுகளை நம்பியே நடக்கிறது. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு (நீளம் நேரடியாக அளக்கப்படும் முதல் பக்கம்) அளந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணி, 1860களில் அசாம் மலைகளை எட்டியிருந்தது. அதிர்வுக்குப் பின் அதே நிலையங்களுள் சிலவற்றில் மீண்டும் கோணங்கள் அளக்கப்பட்டன.

நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்த மாதிரி, இமயமலையின் அடியில் வடக்கு நோக்கித் தாழும் உந்துபிளவு (ஒரு பக்கப் பாறை மறுபக்கத்தின் மேல் ஏறும் பிளவு) ஒன்று பூட்டானுக்குத் தெற்கே வரை நழுவியது என்பது. இந்தியத் தட்டு இமயத்துக்குள் புகுகிறது என்ற பெரிய சித்திரத்தோடு இது இயல்பாகப் பொருந்தியது. அந்தப் பொருத்தமே அதன் முதன்மைச் சான்றாகவும் இருந்தது என்பதுதான் குறை.

2001இல் புவி அறிவியலாளர்கள் ரோஜர் பில்ஹாமும் பிலிப் இங்லண்டும் முன்வைத்த மாதிரி இதற்கு நேர்மாறானது: பீடபூமியின் வட விளிம்பில், இமயத்துக்கு எதிர்ப்புறமாகத் தெற்கு நோக்கி மிகுந்த சரிவுடன் தாழும், சுமார் 110 கி.மீ. நீளமுள்ள புதைந்த பிளவு 18 மீட்டர் அளவில் (7 மீட்டர் கூடுதலாகவோ குறைவாகவோ) நழுவியது. அதனால் வட விளிம்பு குறைந்தது 11 மீட்டர் உயர்ந்தது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது கணக்கிடும் முறை. கோணங்கள் முக்கோணத்தின் வடிவத்தைத் தரும், அளவைத் தராது. ஆகவே ஒரு பக்கம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு நிலையங்களின் இடப்பெயர்ச்சியைக் கணக்கிட்டால், அந்தப் பக்கமே நீண்டோ சுருங்கியோ இருக்கும்போது பிழை வலைப்பின்னல் முழுவதும் பரவிவிடும். பில்ஹாமும் இங்லண்டும் செய்ததுபோல, கோண மாற்றங்களையே நேரடியாக மாதிரியோடு ஒப்பிட்டால் அந்த அனுமானம் தேவையில்லை. என் பார்வையில் இரண்டாம் மாதிரியின் உண்மையான பலம் இதுதான். 11 மீட்டர் என்ற கண்ணைப் பறிக்கும் எண்ணன்று.

ஆனால் அளவை வலை பீடபூமியின் ஒரு பகுதியை மட்டுமே தொட்டது. சி. பி. ராஜேந்திரன் குழுவினர் 2004இல், 'ஓல்ட்ஹாம் பிளவு' எனப் பெயரிடப்பட்ட அந்தப் பிளவுக்கு நிலவடிவச் சான்று போதாது என்று மறுத்தது நியாயமான எதிர்வாதம். இருப்பினும் புதைந்த பிளவு தரையில் தெளிவான கோடு விடாததில் வியப்பில்லை. கோணங்களோ மாறியே இருக்கின்றன. அந்த மாற்றத்தை விளக்கும் பொறுப்பு மறுப்பவர்களுக்கும் உண்டு.

எந்த மாதிரியை ஏற்கிறோம் என்பது பழங்கணக்கு மட்டுமன்று. இரண்டாவதை ஏற்றால், பூட்டானுக்கு அடியிலுள்ள இமய உந்துபிளவு 1897இல் தன்னில் சேர்ந்திருந்த அழுத்தச் சுமையை இறக்கிவிட்டது என்று சொல்ல முடியாது. பீடபூமியின் குறுக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் சுருக்கம் நிகழ்வதால், வடக்கு வங்கதேசத்தின் அபாயக் கணக்கையும் திருத்த வேண்டியிருக்கும்.