பன்னிரண்டு அமர்வுகள்: விசுவாசிகளுக்கான ஓர் ஆலோசனைச் சேவை

தன்பாலீர்ப்பு உள்ள விசுவாசிகளுக்கென நடத்தப்படும் இணையவழி உளவியல் ஆலோசனைச் சேவை ஒன்றில் பன்னிரண்டு அமர்வுகளை முடித்திருக்கிறேன். இதற்கு முன் இரண்டு ஆண்டுகள், ஜெபத்தால் ஈர்ப்பை மாற்றும் விடுதலை ஊழியம் செய்வதாகச் சொன்ன வேறோர் இடத்திற்குப் போய்க்கொண்டிருந்ததால், இரண்டையும் ஒப்பிடாமல் எழுத இயலவில்லை.

பழைய இடத்தில் முதல் நாள் தந்த படிவத்தில், 'என் ஈர்ப்பு மாற வேண்டும் என்று விரும்புகிறேன்' என்ற வாக்கியம் முன்பே அச்சிடப்பட்டிருந்தது. நான் மனதாரவே கையெழுத்திட்டேன். ஆனால் சபையையும் வீட்டையும் கடவுளையும் ஒருசேர இழந்துவிடுவோம் என்று அஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவர் தரும் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ளலாமா என்று அங்கே எவரும் யோசிக்கவில்லை. உபவாசத்திற்கும் ஜெபத்திற்கும் பலன் இல்லாதபோது, என் விசுவாசம் போதவில்லை என்றார்கள். சேவை தோற்றால் பழி வாடிக்கையாளருக்கே என்ற ஏற்பாட்டை வேறெந்தத் தொழிலில் பொறுத்துக்கொள்வோம்?

புதிய ஆலோசகர், என் ஈர்ப்பை மாற்ற முயல மாட்டேன் என்றும் சபையை விட்டு வெளியேறச் சொல்ல மாட்டேன் என்றும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். ஈர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலிக்க வாய்ப்புக் குறைவு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் உட்படத் தீங்கு நேரலாம் என்று 2009இல் அறிக்கை வெளியிட்ட அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு, வந்தவரின் சமய நம்பிக்கையை மதித்து, முடிவு இன்னதென்று திணிக்காமல் துணைநிற்க வேண்டும் என்றும் அதிலேயே பரிந்துரைத்திருக்கிறது. இவர் நடந்துகொண்டது அப்படித்தான்.

ஐந்தாம் அமர்வுக்காகவே இச்சேவையைப் பரிந்துரைப்பேன். ஈர்ப்பு மாறிவிட்டதாகச் சபையில் நான் கேட்ட சாட்சிகள் எல்லாம் பொய்யா என்று கேட்டபோது, அவர் ராபர்ட் ஸ்பிட்சரைப் பற்றிச் சொன்னார். 1973இல் அமெரிக்க மனநோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பு நீக்கப்பட்டதில் முக்கியப் பங்காற்றிய அந்த மனநல மருத்துவரே, 200 பேரிடம் தொலைபேசியில் பேட்டி எடுத்து, சிலருக்கு மாற்றம் சாத்தியம் என்று 2003இல் எழுதினார். அவர்கள் தம்மைப் பற்றிச் சொன்னது மெய்யா என்று அறிய வழியில்லை என்பதை ஒப்புக்கொண்டு 2012இல் மன்னிப்பும் கேட்டார். மாறிவிட வேண்டும் என்று ஏங்கும் மனம், மாறிவிட்டதாகவே சொல்லிவிடும். நானும் ஒருமுறை மேடையேறிச் சாட்சி சொன்னவன்; அதை இன்னொருவரிடம் ஒப்புக்கொண்டது அன்றுதான். இத்தகைய ஊழியங்களை ஒருங்கிணைத்து 1976 முதல் இயங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 2013இல் அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டதோடு மூடப்பட்டதையும் அன்றே அறிந்தேன்.

குறையும் உண்டு. தன்பாலுறவைக் கண்டிப்பதாகச் சொல்லப்படும் வேதாகமத்தின் ரோமர் முதலாம் அதிகாரத்தைப் பற்றிக் கேட்டால், தமக்கு இறையியல் தெரியாது என்று ஆலோசகர் ஒதுங்கிவிடுகிறார். அது நேர்மைதான், எனினும் விசுவாசிகளுக்கென்றே நடத்துபவர்கள் இறையியல் கற்ற ஒருவரையாவது உடன் வைத்திருக்க வேண்டாமா? பெற்றோருக்கெனத் தனி அமர்வும் இல்லை.

ஈர்ப்பு மாறும் என்று நம்பி வருபவருக்கு இங்கே ஏமாற்றமே மிஞ்சும். கடவுளைக் கைவிட அனுமதி தேடுபவருக்கும் அப்படியே. நான் இப்போதும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன். அடுத்த பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பதிவு செய்தாயிற்று.