லேபில் 6 வருட ஆங்கில வகுப்பு: என் அனுபவம்

எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் 20 சிஸ்டம். எட்டாம் வகுப்பில் 40 பிள்ளைகள். வாரத்துக்கு 2 பீரியட் ஆங்கிலத்துக்கென்று லேபைக் கேட்டு வாங்கி 6 வருடம் ஆகிறது. இதே எண்ணத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வருடத்தை வீணடித்துவிட்டேன். கோடிட்ட இடம் நிரப்புதல், 4 விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் என்று பயிற்சிகளைத் தேடித் தேடி ஏற்றி வைத்தேன். பிள்ளைகள் ஆசையாகச் செய்தார்கள், பத்துக்குப் பத்தும் வாங்கினார்கள். அடுத்த வாரம் நோட்டில் எழுதச் சொன்னால் பழையபடி ‘ஹீ கோ டு ஸ்கூல்’. பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிவப்பு வந்தால் அடுத்த விடையை அழுத்துகிறார்கள். வாக்கியத்தை யாரும் படிக்கவே இல்லை.

மறு வருடம் குரலைப் பதிவு செய்யும் ஆடாசிட்டி என்ற மென்பொருளைப் போட்டேன். இலவசம், இன்டர்நெட் வேண்டாம். பேசப் பேசக் குரல் அலையலையாகத் திரையில் ஓடும். எங்கள் வகுப்பு மாறியது இதனால்தான்.

‘புக்’ என்று சொல்லச் சொன்னால் நம் பிள்ளைகள் ‘புக்கு’ என்பார்கள். எத்தனை முறை திருத்தினாலும் காதில் அந்த வித்தியாசம் ஏறாது. திரையில் ஏறியது. ‘க்’ முடிந்ததும் அடங்க வேண்டிய அலை இன்னொரு சின்ன மேடு கட்டிவிட்டு அடங்குகிறது. அந்த மேடுதான் ‘உ’. தமிழ் ஐயா நடத்திய குற்றியலுகரத்தை ஞாபகப்படுத்தினேன்: நாடு, பாக்கு, எஃகு. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது, அதனால் நாக்கு தானாக ஒரு உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ‘இஸ்கூல்’ கதையும் இதேதான். தமிழில் சொல்லுக்கு முதலில் மெய் வராது. குறை தங்கள் நாக்கில் இல்லை, தாய்மொழியின் பழக்கம் இது என்று தெரிந்ததும் பிள்ளைகளின் கூச்சம் பாதியாகக் குறைந்தது. எனக்கு உச்சரிப்பைவிட அதுதான் பெரிதாகப்பட்டது.

கடைசி பெஞ்சில் ஒரு பெண். வகுப்பில் எழுந்து ஒரு வரிகூட வாசித்ததில்லை. லேபில் ஒரே பத்தியைப் பதிவு செய்வதும் அழிப்பதுமாக ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. மணி அடித்த பிறகு ஹெட்போனை எடுத்துவந்து, “மிஸ், இதை மட்டும் கேளுங்க” என்றாள். 40 பேர் முன்னால் அழிக்க முடியாத தப்பை இங்கே அழித்துவிட்டு மறுபடி சொல்லலாம். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

சிஸ்டத்துக்கு 2 பேர் என்பதை முதலில் குறையாக நினைத்தேன். இப்போது 40 சிஸ்டம் கொடுத்தாலும் இருவராகத்தான் உட்கார வைப்பேன். ஒருவர் வாசிக்க, மற்றவர் அலையைப் பார்த்து “மேடு வந்துடுச்சு” என்று சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் பதிவில் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். ஒன்றுவிட்டு ஒரு சிஸ்டத்தில் பதிவு நடக்கட்டும், மற்றவர்கள் அந்நேரம் முணுமுணுத்துப் பழகட்டும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் தாடை ஓரத்தில் வைத்தால் ‘ப’ ஒலி வெடிக்காது.

கேட்கும் பயிற்சிக்கு லிப்ரிவாக்ஸ் தளத்தின் ஒலிப்பதிவுகளை இறக்கி வைத்திருக்கிறேன். தன்னார்வலர்கள் வாசித்த பழைய கதைகள், உரிமைச் சிக்கல் இல்லை. ஆளுக்கொரு விதமாக வாசிப்பார்கள், அதனால் நாமே ஒருமுறை கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விஎல்சி பிளேயரில் சதுர அடைப்புக்குறி விசையால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பிபிசியின் 6 நிமிட ஆங்கில நிகழ்ச்சி எட்டாம் வகுப்புக்குக் கடினம். பதினொன்றாம் வகுப்புக்குச் சரியாக இருக்கிறது.

எழுத்துப் பயிற்சிக்கு லேபை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எழுத்தைத் தேடித் தட்டுவதிலேயே பாதி பீரியட் போய்விடும். அப்படியும் செய்வதானால் தானியங்கித் திருத்தத்தை முதலில் நிறுத்துங்கள். அது சத்தமில்லாமல் திருத்திவிடுவதால், தான் தப்பாக எழுதியது பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது.

அதிகம் சேதமாவது ஹெட்போன் வயர்தான், செருகும் இடத்தில் அறுந்துவிடும். கரன்ட் போகும் நாளுக்காக அன்று வாசிக்க வேண்டிய பத்தியை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பேன்.

ஜூனில் ஒவ்வொருவரும் வாசித்த முதல் பதிவை அழிக்காமல் வைத்திருந்து மார்ச்சில் போட்டுக் காட்டுகிறேன். இந்த வருடம் ஒருவன் தன் குரலைக் கேட்டுவிட்டு, “இது நான் இல்ல மிஸ்” என்று சாதித்தான். கோப்பின் பெயரைக் காட்டிய பிறகுதான் நம்பினான்.