தலைகீழ் ஆம்பர்சாண்ட்: லேடெக்கில் அபூர்வக் குறிகளோடு பதினான்கு வருடம்

சென்னையில் ஒரு டைப்செட்டிங் கம்பெனியில் சேர்ந்து மூன்றாவது வாரம். கணக்குக் கட்டுரைகளைக் கட்டளைகள் எழுதி அச்சுக்கோக்கிற லேடெக் மென்பொருளில்தான் வேலை. லீனியர் லாஜிக் பற்றிய கட்டுரை ஒன்று என் மேசைக்கு வந்தது. ழான் ஈவ் ஜிரார் 1987இல் முன்வைத்த தர்க்கமுறை அது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பக்கத்துக்குப் பக்கம் ஆம்பர்சாண்ட், அதாவது & குறி, தலைகீழாக நிற்கிறது, இப்படி: ⅋. கீபோர்டில் அது இல்லை. சீனியர் கொடுத்திருந்த மேக்ரோ ஃபைலிலும் இல்லை.

தலைகீழ்தானே, திருப்பிவிட்டால் போச்சு என்று ரொட்டேட்பாக்ஸ் கட்டளையில் 180 கொடுத்தேன். திரும்பியது. கட்டுரை முழுக்க மாற்றிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். கட்டுரையாளரிடம் போன ப்ரூஃப் திரும்பி வந்தபோது ஒவ்வொரு குறியைச் சுற்றியும் சிவப்பு வட்டம். உற்றுப் பார்த்தால் மூன்று கோளாறு. ரொட்டேட்பாக்ஸ் எழுத்தை நடுவில் பிடித்துச் சுழற்றுவதில்லை, அடிக்கோட்டு முனையில் பிடித்துச் சுழற்றுகிறது; அதனால் குறி வரிக்குக் கீழே வவ்வால் மாதிரி தொங்கியது. சப்ஸ்கிரிப்டில், அதாவது எழுத்தின் காலடியில் சின்னதாக வரவேண்டிய இடங்களில், சுருங்காமல் முழு அளவில் நின்றது. எல்லாவற்றையும்விட மோசம், இரண்டு பக்கமும் இடைவெளியே இல்லாமல் பக்கத்து எழுத்துகளோடு ஒட்டிக்கொண்டது.

"தம்பி, அதுக்குன்னு ஃபான்ட்டே இருக்கு" என்றார் சீனியர். செயின்ட் மேரிஸ் ரோடு என்று ஒரு தெருவின் பெயர் வைத்த குறித் தொகுப்பு அது. அதில் இந்தக் குறிக்கான கட்டளையின் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்: 'பின்ட்னாஸ்ரெப்மா'. ஆங்கிலத்தில் ஆம்பர்சாண்ட் என்ற சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை திருப்பி எழுதி, முன்னால் 'பின்' என்று ஒட்டியிருக்கிறார்கள். குறியும் தலைகீழ், பெயரும் தலைகீழ். அந்தப் பெயரை இன்றுவரை ஒரே தடவையில் பிழையில்லாமல் நான் டைப் செய்ததில்லை.

அந்த 'பின்' சும்மா வந்ததில்லை என்பது புரிய ஒரு வருடம் ஆனது. லேடெக்குக்கு அடியில் ஓடுவது டொனால்ட் நூத் எழுதிய டெக். அது ஒவ்வொரு குறியையும் எட்டு வகைகளில் ஒன்றில் வைத்துப் பார்க்கிறது: சாதாரண எழுத்து, தொகைக்குறி போன்ற பெரிய ஆபரேட்டர், கூட்டல் போல இருபுறமும் ஆள் கேட்கிற பைனரி குறி (இதன் சுருக்கம்தான் 'பின்'), சமக்குறி போன்ற உறவுக் குறி, திறக்கும் அடைப்பு, மூடும் அடைப்பு, நிறுத்தக்குறி, கடைசியாக பின்னம் போன்ற உட்கூறு. இடைவெளி விடுவது நாம் அல்ல, இந்த வகை. எழுத்துருவின் அளவை ஒட்டிய 'எம்' என்ற அகலத்தைப் பதினெட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மியூ. கூட்டல் குறிக்கு இரு பக்கமும் 4 மியூ, சமக்குறிக்கு 5, பெரிய ஆபரேட்டருக்கு 3. சப்ஸ்கிரிப்டுக்குள் போனால் முதல் இரண்டும் காணாமல் போகும். கழித்தல் குறியைப் பாருங்கள்: இரண்டு எண்களுக்கு நடுவில் வந்தால் காற்றோட்டமாக நிற்கும், அடைப்புக்குறி திறந்தவுடன் 'மைனஸ் மூன்று' என்று வந்தால் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே கட்டளை, இரண்டு நடத்தை. நான் சுழற்றிய ஆம்பர்சாண்ட் டெக்கின் கண்ணுக்கு வெறும் எழுத்து. அதனால்தான் ஒட்டியது. 'மேத்பின்' என்ற உறைக்குள் போட்டிருந்தால் அந்த ஒரு கோளாறாவது தீர்ந்திருக்கும்.

'வரையறைப்படி சமம்' என்று முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்த்துப் போடுகிறோம் இல்லையா, அதையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அப்படியே டைப் செய்தால் புள்ளிகள் இரண்டும் அரை மயிரிழை கீழே இறங்கியிருக்கும். முக்காற்புள்ளி அடிக்கோட்டில் உட்காருகிறது. சமக்குறி அதற்கு மேலே, கணக்கின் நடு அச்சை ஒட்டி நிற்கிறது. மேத்டூல்ஸ் தொகுப்பில் இதற்கென்று 'கோலனீக்யூ' கட்டளை இருக்கிறது, புள்ளிகளைத் தூக்கி நடுவில் வைத்துவிடும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதுதான் தெரியும். எனக்கு அந்த வியாதி வந்து பத்து வருடம் ஆகிறது.

சரி, குறியை எங்கே தேடுவது? இரண்டு துணைகள். ஒன்று ஸ்காட் பேக்கின் தொகுத்துவரும் குறிப் பட்டியல். 18,000க்கும் மேற்பட்ட குறிகள், நூற்றுக்கணக்கான பக்கங்கள். சதுரங்கக் காய்கள், பகடை, ஐஸ்லாந்துக்காரர்களின் மந்திரக் கோலங்கள் வரை இருக்கிறது. ஆரம்பத்தில் அதைக் கதைப்புத்தகம் மாதிரி புரட்டிக்கொண்டிருப்பேன். பலர் குறி கிடைத்ததும் மூடிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதன் உயிர் கடைசிப் பகுதியில் இருக்கிறது. இல்லாத குறியை எப்படிக் கட்டுவது, அதற்கு எந்த வகையைக் கொடுப்பது என்று அங்கேதான் எழுதியிருக்கிறார். இன்னொன்று டிடெக்ஸிஃபை. மவுஸால் கிறுக்கினால் அதுபோன்ற குறிகளையும் அவற்றின் கட்டளை, தொகுப்பின் பெயர்களையும் வரிசையாகக் காட்டும். லீனியர் லாஜிக்கின் இன்னொரு குறியான லாலிபாப், அதாவது ⊸, அதில் வரைந்த மாத்திரத்தில் கிடைத்தது. கட்டளை 'மல்டிமேப்'. நல்ல கருவிதான், இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் வடிவத்தைத்தான் அதற்குத் தெரியும். அந்த வடிவம் உங்கள் கட்டுரையில் என்ன வேலை பார்க்கிறது என்று தெரியாது.

இதில் நான் சூடுபட்டது மூன்று பல் சீப்பு போலிருக்கும் ஒரு குறியில். எலிப்டிக் வளைவரைகளைப் பற்றி எழுதுபவர்களுக்கு டேட்–ஷஃபரேவிச் குலம் (க்ரூப் என்கிற இயற்கணித அமைப்பு) அன்றாடச் சங்கதி. அதற்குக் குறி சிரிலிக் எழுத்தான 'ஷா'. ஷஃபரேவிச்சின் முதல் எழுத்து என்பதால் கணிதவியலாளர் காசல்ஸ் அதைத் தேர்ந்தெடுத்தார். லேடெக்கில் அது நேராகக் கிடைக்காது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான சிரிலிக் எழுத்துருவிலிருந்து அந்த ஒரு எழுத்தை மட்டும் கணக்குக் குறியாக அறிவிக்க வேண்டும். மூன்று வரி வேலை. அதை எழுதி என் ஸ்டைல் ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தேன். அப்புறம் இயற்கணிதக் கட்டுரை ஒன்று வந்தது, அதிலும் அதே சீப்பு. வைத்திருந்ததை எடுத்துப் போட்டேன். இந்த முறை சிவப்பு வட்டத்தோடு ஒரு வரியும் வந்தது: இது குலம் அல்ல, ஷஃபிள் பெருக்கல். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல இரண்டு சொற்களின் எழுத்துகளை, வரிசை குலையாமல், கலந்து கூட்டுகிற செயல். அது பெருக்கல் குறி மாதிரி இரு பக்கமும் இடம் கேட்கும். அதற்கு 'ஷஃபிள்' என்ற பெயரிலேயே தனித் தொகுப்பு இருந்தது. சிக்னல் ப்ராசஸிங்காரர்களும் இதே சீப்பை வரிசையான இம்பல்ஸ்களுக்கு வைத்திருக்கிறார்கள், அங்கே அது ஒரு சார்பின் பெயர். ஆக ஒரு சீப்பு, மூன்று வீடு.

எழுத்துக் கடன் வாங்குவதில் கேட்டகரி தியரி என்ற கணிதப் பிரிவுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. நொபுவோ யோனெடாவின் பெயரில் உள்ள எம்பெடிங்கைக் குறிக்க ஹிரகானாவின் 'யோ' எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானிய மொழியில் சின்ன யோ, பெரிய யோ என்று இரண்டு உண்டு. யூனிகோடில் 3087, 3088 என அடுத்தடுத்த எண்கள். உருவம் ஒன்றே, அளவுதான் வேறு. நான் சின்னதைப் போட்டுவிட்டு, "ஃபான்ட் சைஸ் கம்மியா இருக்கு" என்று அரைநாள் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஊர்ஊராகக் குறி சேர்த்தால் ஒருநாள் டெக் கையை விரிக்கும். கணக்கு எழுத்துருக் குடும்பங்களுக்கு நூத் ஒதுக்கியது நான்கு பிட். நான்கு பிட்டில் பதினாறுதான் அடங்கும். பதினேழாவதைக் கேட்டால் 'டூ மெனி மேத் ஆல்ஃபபெட்ஸ்' என்று நின்றுவிடும். முதல்முறை இது வந்தது ஒரு மாநாட்டுத் தொகுப்பு வேலையில், இரவு ஷிஃப்டில். பதினாறு எழுத்துருவா போட்டோம் என்று எண்ணிப் பார்த்தால், நான் கேட்டது ஏழோ எட்டோ. மீதியைத் தடித்த எழுத்துக்கான பிஎம் தொகுப்பு முன்கூட்டியே துண்டு போட்டு இடம்பிடித்து வைத்திருந்தது. அந்தத் தொகுப்பை அழைப்பதற்கு முன்னால் ஹெச்எம்மேக்ஸ், பிஎம்மேக்ஸ் என்ற இரண்டு அளவுகளையும் பூஜ்யமாக வைத்தால் பஸ் சீட்டை விட்டுக்கொடுத்துவிடும். அதைவிடப் பெரிய பாடம் மேத்ஏபிஎக்ஸ். ஒரே ஒரு குறிக்காக அந்தத் தொகுப்பை முழுதாக அழைத்தேன். கட்டுரையின் தொகைக்குறிகள், அம்புகள் எல்லாம் சத்தமில்லாமல் வேறு முகத்துக்கு மாறிவிட்டன. எரர் எதுவும் வராததால் க்யூசி, அதாவது தரச் சோதனை, வரை போய்விட்டது. அன்றிலிருந்து தொகுப்பை முழுதாக அழைப்பதே இல்லை. வேண்டிய ஒரு எழுத்தின் எண்ணைப் பார்த்து, அதை மட்டும் 'டிக்ளேர்மேத்சிம்பல்' கொண்டு எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டளை கேட்கும் இரண்டாவது விவரமே குறியின் வகைதான். பதில் சொல்லாமல் நகர விடாது.

கடந்த ஆறேழு வருடமாக என் சொந்த வேலைகளுக்கு யூனிகோட்-மேத் தொகுப்பும் ஸ்டிக்ஸ் டூ எழுத்துருவும்தான். ஸ்டிக்ஸ் என்பது அமெரிக்கக் கணிதக் கழகம், எல்சவியர் போன்ற வெளியீட்டாளர்கள் சேர்ந்து 1995இல் ஆரம்பித்த திட்டம். முதல் எழுத்துரு வெளியானதே 2010இல். ஒரே எழுத்துருவுக்குள் தலைகீழ் ஆம்பர்சாண்ட், லாலிபாப், ஷஃபிள் எல்லாம் ஒரே கைவண்ணத்தில் இருக்கின்றன. பழைய முறையில் நாலு ஊர்க்காரர்கள் ஒரே வரியில் நிற்பதுபோல் கோட்டின் தடிமன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. இங்கே அந்தத் தொல்லை இல்லை. பதினாறு குடும்ப வரம்பும் இல்லை. பிடிஎஃபிலிருந்து குறியைக் காப்பி செய்தால் குறியாகவே வருகிறது. என் பழைய சுழற்று வேலையில் காப்பி செய்தால் சாதாரண ஆம்பர்சாண்ட் நிமிர்ந்து வந்து நின்றது, அர்த்தமே மாறிப்போயிற்று.

குறையும் உண்டு. கம்பைல் ஆக நேரம் பிடிக்கிறது. பல இதழ்கள் இன்னும் பழைய பிடிஎஃப்டெக்கில் ஓடும் ஃபைலைத்தான் கேட்கின்றன, ஆகவே ஆபீசில் அதை மறக்க முடியாது. யூனிகோடிலேயே சில வேடிக்கைகள் உண்டு: கணக்குக்கான சாய்வு எழுத்து வரிசையில் சிறிய 'ஹெச்' இருக்க வேண்டிய கட்டம் காலி. பிளாங்க் மாறிலி என்ற பெயரில் அந்த எழுத்து ஏற்கெனவே வேறு இடத்தில் குடியிருப்பதால் மறுபடி கொடுக்கவில்லை. நாமே ஸ்கிரிப்ட் எழுதி எழுத்துகளை வரிசையாக மாற்றினால் அந்த இடத்தில் வெறும் பெட்டி வரும். இன்னொன்று, காலிகிராஃபிக் எழுத்தும் சுருள் எழுத்தும் யூனிகோடில் ஒரே இடம். ஷீஃப் என்ற கணித அமைப்புக்குச் சுருள், கேட்டகரிக்கு மற்றது என்று இரண்டையும் ஒரே வரியில் வைத்து எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுத்துருவின் மாற்று வடிவத்தைத் தனியாக அழைக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணி நினைவுக்கு வருகிறார். கணக்கு டீச்சர். அரைப்பரீட்சைக் கேள்வித்தாளைத் தமிழில் டைப் செய்து என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். 'எனவே' என்பதற்கான ∴ வரவேண்டிய இடத்திலெல்லாம் ஆய்த எழுத்து, ஃ. "அண்ணி, இது எழுத்து, அது குறி" என்றேன். "மூணு புள்ளிதானே தம்பி, பசங்களுக்கு என்ன தெரியாமலா போகும்?" என்றார். தெரியத்தான் செய்யும். ஆனால் அவருடைய எழுத்துருவில் ஆய்தம் புள்ளியாக இல்லாமல் மூன்று குட்டி வளையமாக இருந்தது. ஓரிடத்தில் பூஜ்யத்தை ஒட்டி வந்து, விடையில் நான்கு பூஜ்யம் இருப்பதுபோல் தெரிந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்றச் சம்மதித்தார்.

போன மாதம் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தன் தீசிஸோடு வந்தார். கிரேக்கம், ஹீப்ரு, சிரிலிக் எல்லாம் ஏற்கெனவே ஆள் பிடித்துவிட்டதால், தான் வரையறுத்த ஒன்றுக்கு 'ஞ' என்ற தமிழ் எழுத்தையே வைக்க வேண்டும் என்றார். எனக்கும் ஆசையாக இருந்தது. போட்டுப் பார்த்தேன். பத்துப் பாயின்ட்டில் அழகாகத்தான் வந்தது. சப்ஸ்கிரிப்டின் சப்ஸ்கிரிப்டில் ஐந்து பாயின்ட்டுக்குப் போனதும் உள்சுழி அடைத்துக்கொண்டு ஒரு மைப்பொட்டு ஆகிவிட்டது. அந்த அளவுக்கு மட்டும் மெல்லிய வடிவம் ஒன்றை வைத்துச் சமாளித்திருக்கிறேன். அவருக்கு மெயிலில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: இது இரண்டு பக்கமும் இடம் கேட்கிற குறியா, ஒட்டி உட்காருகிற எழுத்தா? கைடிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.